ரேஸ் கேம் சரியாக ஓடவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

கார் ரேஸ் கேமில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கருவியில், செட்டிங்ஸில், அல்லது விளையாட்டை உருவாக்கியவர்கள் தெரிந்தே வைத்த விதியில். விதியைக் கோளாறு என்று நினைத்துப் புதுக் கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கருவியின் கோளாறைத் தன் கைத்திறனின் குறை என்று எடுத்துக்கொண்டு விளையாட்டையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது வகையினருக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். நன்றாக ஓட்டக்கூடிய ஒருவர் டிவியின் ஒரு செட்டிங்கால் தோற்றுக்கொண்டே இருப்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

எதைச் சோதிப்பதாக இருந்தாலும் டைம் டிரையல் பகுதிக்குப் போய்விடுங்கள். அங்கே எதிராளி இல்லை, இடிப்பவர் இல்லை, இணையமும் பெரும்பாலும் குறுக்கே வராது. தெரிந்த ஒரே தடம், ஒரே வண்டி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து சில சுற்றுகள் ஓட்டிப் பாருங்கள். நான்கு செட்டிங்ஸை ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால், எது சரியாக்கியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

திருப்பினால் வண்டி தாமதமாகத் திரும்புகிறது

இதுதான் அதிகம் பேரைப் பாதிப்பது, அதிகம் பேர் கண்டுகொள்ளாததும் இதுதான். திரையில் வண்டி மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிறது என்றால், ஒரு நொடிக்கு ஏறக்குறைய 83 மீட்டர் கடக்கிறது. உங்கள் விரலுக்கும் திரைக்கும் நடுவே பத்தில் ஒரு நொடி தாமதம் இருந்தால், வண்டி 8 மீட்டருக்கு மேல் தாண்டிய பிறகுதான் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். வளைவில் 8 மீட்டர் என்பது சாலைக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் சந்தேகம் டிவி மேல்தான். இன்றைய டிவிகள் படத்தை அழகுபடுத்த ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது அசையும் காட்சியின் ஒவ்வொரு தனிப் படத்தையும், எடுத்துவைத்து வேலை பார்க்கின்றன. அசைவை வழவழப்பாக்கும் வசதி இன்னும் மோசம். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருக வேண்டும் என்றால் அடுத்த ஃபிரேம் வரும்வரை அது காத்திருந்தே ஆக வேண்டும். டிவியின் பட செட்டிங்ஸில் கேம் மோடு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். புதிய டிவியும் புதிய கன்சோலும் சேர்ந்தால் இது தானாகவே மாறும் வசதி உண்டு. ஆனால் அந்த வசதியே சில டிவிகளில் ஆஃபில் கிடக்கும். இன்னொன்று, பல டிவிகள் கேம் மோடை எச்டிஎம்ஐ துளைக்குத் துளை தனித்தனியாக நினைவில் வைக்கின்றன. கன்சோலை வேறு துளைக்கு மாற்றிய அன்றிலிருந்து கை சரியில்லாமல் போனதென்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

கேம் மோடு போட்டும் சரியாகவில்லையா? கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவில் ஆடியோ ரிசீவரோ வேறு பெட்டியோ இருந்தால் அதை விலக்கி நேராக இணைத்துப் பாருங்கள். கன்ட்ரோலரைக் கம்பியில் இணைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். கம்பியில் சரியாக இருந்து, கம்பியில்லாமல் மட்டும் தடுமாறினால், பேட்டரி குறைவாக இருக்கிறதா, கன்சோல் அலமாரிக்குள் அடைபட்டிருக்கிறதா, பக்கத்திலேயே வைஃபை ரவுட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஃபிரேம் வேகம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி, 30 ஓடினால் 33.3. படத்தரமா வேகமா என்று கேட்கும் கன்சோல் விளையாட்டுகளில் ரேஸுக்கு எப்போதும் வேகத்தையே தேர்ந்தெடுங்கள். சாலையோர மரத்தின் இலைகள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கையை எடுத்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

கன்ட்ரோலர் என்றால் ஸ்டிக் தேய்மானம். சாதாரண ஸ்டிக்குக்குள் மின்தடையை அளக்கும் சின்னப் பகுதி ஒன்று இருக்கிறது. உரசி உரசி அது தேயும்போது, நடுவில் நின்றாலும் நடுவில் இல்லை என்று செய்தி அனுப்பும். முதலில் கன்சோலின் செட்டிங்ஸில் ஸ்டிக் கலிபரேஷன், அதாவது நடு எது என்று மறுபடி கற்றுக்கொடுக்கும் வசதி, இருக்கிறதா பாருங்கள். நின்டெண்டோ ஸ்விட்சில் கன்ட்ரோலர் பகுதிக்குள் இருக்கிறது. அப்புறம் விளையாட்டுக்குள் டெட்ஸோன் என்ற அளவு (ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) இருந்தால், இழுப்பு நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதிகம் ஏற்றினால் நேர்ப்பாதையில் செய்யும் மெல்லிய திருத்தங்கள் வண்டிக்கே எட்டாமல் போகும். இதெல்லாம் நாள் கடத்தத்தான் உதவும். தேய்ந்த பகுதி மறுபடி வளராது, ஸ்டிக்கை மாற்றித்தான் தீர வேண்டும். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார் ஸ்டிக்குகளில் இந்த உரசல் இல்லை என்பதால், மாற்றும்போது அந்த வகை கிடைத்தால் அதையே போடுங்கள்.

ஸ்டிக் நன்றாக இருந்தும் இழுக்கிறது என்றால், சாய்த்து ஓட்டும் வசதி உங்களுக்குத் தெரியாமலே ஆனாகி இருக்கலாம். மரியோ கார்ட் 8 டீலக்ஸில் இது அடிக்கடி நடக்கிறது. கன்ட்ரோலரை மடியில் சாய்த்துப் பிடித்திருப்பதையே விளையாட்டு திருப்பமாக எடுத்துக்கொள்ளும்.

ஃபோனில் சாய்த்து ஓட்டினால், நடு நிலை எது என்பதை விளையாட்டு எங்கே முடிவு செய்கிறது என்று பாருங்கள். பல விளையாட்டுகளில் பந்தயம் தொடங்கும் கணத்தில் ஃபோன் இருந்த கோணமே நடு. உட்கார்ந்து தொடங்கிவிட்டுப் படுத்தால் வண்டி ஓரம் போகத்தான் செய்யும். ஓட்டப்போகும் நிலையில் பிடித்த பிறகு தொடங்குங்கள்.

வண்டி நம் பேச்சைக் கேட்காமல் தானே ஓடுகிறது

குறுக்குவழிக்குள் நுழையப் போனால் யாரோ பிடித்துத் திருப்புவதுபோல் இருக்கிறதா? உதவி வசதி ஆனில் இருக்கிறது. மரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஸ்மார்ட் ஸ்டீயரிங் ஆனில் இருந்தால் வண்டியின் பின்புறம் ஒரு சின்ன ஆன்டெனா தெரியும். புதிதாக விளையாடுகிறவர் பள்ளத்தில் விழாமல் இருக்க வைத்த நல்ல வசதி அது. ஆனால் அது ஆனில் இருக்கும்வரை சில குறுக்குவழிகளில் போக முடியாது. டிரிஃப்ட், அதாவது வளைவில் வண்டியை வழுக்கவிட்டுத் திருப்புவது, செய்யும்போது மூன்றாவது கட்டமாக வரும் ஊதா நிறப் பொறியும் வராது. என் நண்பனுக்கு வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

2018இல் அஸ்ஃபால்ட் 9 என்ற பெயரில் வந்த விளையாட்டில் டச்டிரைவ் இதே மாதிரி. வண்டி தானே ஓடும், எந்தப் பாதை, எப்போது நைட்ரோ (சிறிது நேரக் கூடுதல் வேகம்) என்பதை மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள். ஸ்டீயரிங் முழுவதும் உங்கள் கையில் வேண்டுமென்றால் கன்ட்ரோல் செட்டிங்ஸில் கைமுறைக்கு மாற்றுங்கள். முதல் சில நாட்கள் நேரம் மோசமாகத்தான் வரும். அதைக் கோளாறு என்று நினைத்துத் திரும்பிப் போய்விட வேண்டாம்.

டிரிஃப்ட் விழவில்லை, அல்லது வண்டி சுழன்று போகிறது

இதில் கருவியைக் குறை சொல்லும் முன் அந்த விளையாட்டின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பொதுவிதி என்று ஒன்று கிடையாது. ஒரு விளையாட்டில் கைக்குப் பழகியதை இன்னொன்றுக்குக் கொண்டு போவதில்தான் பாதிச் சிக்கல்.

நாம்கோவின் ரிட்ஜ் ரேசர் 1993இல் ஆர்கேடுக்கு, அதாவது நாணயம் போட்டு ஆடும் இயந்திரத்துக்கு, வந்தது, அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. அதில் ஆக்ஸிலரேட்டரை ஒரு கணம் விட்டு, திருப்பி, மறுபடி அழுத்தினால் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் போகும், டிரிஃப்ட் வராது. சேகாவின் டேடோனா யுஎஸ்ஏயில் மேனுவல் கியர் எடுத்தவர்கள் கியரைச் சட்டென்று இறக்கி வண்டியை வழுக்க வைப்பார்கள். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி இல்லை. மரியோ கார்ட் 8இல் தனிப் பொத்தான்: அழுத்தியதும் வண்டி சின்னதாகத் துள்ளும், அது தரையைத் தொடுவதற்குள் ஸ்டிக் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். துள்ளுகிறது, ஆனால் டிரிஃப்ட் இல்லை என்றால் ஸ்டிக்கைத் தாமதமாகச் சாய்க்கிறீர்கள், அல்லது வேகம் போதவில்லை. நீல நிறப் பொறி தோன்றும் முன் பொத்தானை விட்டுவிட்டால் வேக உதவி கிடைக்காது.

மரியோ கார்ட் 8இல் 2015இல் சேர்ந்த 200சிசி வேகத்தில் எல்லா வளைவிலும் வெளியே தூக்கி எறியப்படுகிறேன் என்பது இன்னொரு பொதுவான புகார். அதுவரை பிரேக்கே தேவைப்படாமல் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது இயல்புதான். 200சிசியில் டிரிஃப்ட் நடுவிலேயே பிரேக்கைத் தட்ட வேண்டும். வேகம் குறையும், டிரிஃப்ட் உடையாது.

தரையையும் கவனியுங்கள். 1990களின் நடுவில் வந்த சேகா ராலி சாம்பியன்ஷிப் தார்ச்சாலைக்கு ஒரு பிடிப்பு, சரளைக்கு ஒரு பிடிப்பு என்று வைத்தது, அது ரேஸ் விளையாட்டுகளின் போக்கையே மாற்றிய விஷயம். ஒரே வளைவில் நேற்று சரியாகப் போன வண்டி இன்று போகவில்லை என்றால், நீங்கள் சக்கரம் வைக்கும் இடம் சாலையிலிருந்து மண்ணுக்கு நகர்ந்திருக்கலாம்.

தொடக்கத்திலேயே வண்டி திணறி நிற்கிறது

எண்ணிக்கை தொடங்கும் முன்பே ஆக்ஸிலரேட்டரை மிதித்து வைத்திருக்கிறீர்கள். மரியோ கார்ட் 8இல் 2 என்ற எண் தோன்றியதும் அழுத்திப் பிடிக்க வேண்டும். டாக்கோமீட்டர் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மானி) காட்டும் ஆர்கேட் விளையாட்டுகளில் முள்ளை உச்சிக்குக் கொண்டு போனால் டயர் நின்ற இடத்தில் சுழலும், ஆகவே அதற்குக் கொஞ்சம் கீழேயே வைத்திருங்கள்.

எவ்வளவு முந்தினாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள்

கோளாறு இல்லை. பின்தங்கிய கணினி வண்டிக்கு வேகம் கூட்டுவதும், முந்தியதற்குக் குறைப்பதும் இந்த வகை விளையாட்டுகளில் பழைய வழக்கம். ரப்பர் பேண்ட் இழுப்பதுபோல் என்பதால் அந்தப் பெயரிலேயே சொல்கிறார்கள். மரியோ கார்ட் இதையே பொருட்கள் வழியாகவும் செய்கிறது: பின்தங்கியவருக்கு வலுவான பொருள், முதலிடத்தில் இருப்பவருக்கு நாணயமும் வாழைப்பழத் தோலும். இதை நான் ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. கடைசி வளைவுவரை பந்தயம் உயிரோடு இருக்க இது தேவை. ஆனால் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். முதல் சுற்றிலேயே நைட்ரோவைக் கொட்டி இடைவெளி உண்டாக்குவதில் பயன் குறைவு, அந்த இடைவெளி சுருங்கிவிடும். கடைசிச் சுற்றின் நேர்ப்பாதைக்குச் சேமித்து வையுங்கள். நேரத்தோடு மட்டும் மோத விரும்பினால் டைம் டிரையல் இருக்கிறது, அங்கே யாரும் இழுக்க மாட்டார்கள்.

ஃபோனில் முதல் பந்தயம் நன்றாக ஓடி, போகப் போகத் திக்குகிறது

சூடுதான். பெரும்பாலான ஃபோன்களுக்குள் விசிறி இல்லை. ஒரு அளவுக்கு மேல் சூடானால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும், உடனே ஃபிரேம்கள் விழும். சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடுவது இரண்டு சூட்டை ஒன்றாகச் சேர்ப்பது, முதலில் அதை நிறுத்துங்கள். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், விளையாட்டின் படத்தரத்தை ஒரு படி இறக்குங்கள். ஃபிரேம் வரம்பு இருந்தால், மேலும் கீழும் ஆடும் 60ஐவிட அசையாத 30 கைக்கு நல்லது. மேலே கன்சோலுக்குச் சொன்னதற்கு இது முரண் இல்லை. கன்சோலில் 60 நிலையாகக் கிடைக்கும், சூடான ஃபோனில் கிடைக்காது. ஃபோனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் படிந்து ஃபோனே போய்விடலாம்.

தொடக்கம் முதலே திக்கினால் சூடு காரணம் இல்லை. பேட்டரி சேமிப்பு வசதி ஆனில் இருக்கிறதா பாருங்கள். பின்னணியில் ஏதாவது பதிவிறங்குகிறதா, சேமிப்பிடம் நிரம்பி வழிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பந்தய நடுவில் விளையாட்டு சட்டென்று வெளியேறுகிறது

விளையாட்டு நொறுங்குகிறதா, நீங்களே வெளியே தள்ளுகிறீர்களா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். திரையின் ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால் பின்னே போகும் சைகை பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இருக்கிறது. ரேஸ் விளையாட்டில் கட்டைவிரல் இருப்பதும் அதே ஓரத்தில்தான். சில ஃபோன்களில் மூன்று விரல் இழுத்தால் ஸ்கிரீன்ஷாட். இவற்றைச் செட்டிங்ஸில் நிறுத்தலாம். ஆண்ட்ராய்டில் ஆப்பைத் திரையோடு பொருத்தி வைக்கும் ஆப் பின்னிங் வசதி, ஐஃபோனில் கைடட் ஆக்சஸ், இரண்டுமே விரல் தவறினாலும் வெளியே போகவிடாது.

உண்மையிலேயே நொறுங்குகிறது என்றால் மற்ற ஆப்களை மூடி, ஃபோனை அணைத்துப் போட்டு, விளையாட்டைப் புதுப்பித்துப் பாருங்கள். அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்று அவசரப்படும் முன் ஒரு விஷயம்: விருந்தினராக, அதாவது எந்தக் கணக்கோடும் இணைக்காமல் விளையாடுகிறீர்களா? அப்படியானால் விளையாட்டை அழித்தவுடன் சேர்த்த வண்டிகள் எல்லாம் போய்விடலாம். கணக்கோடு இணைத்து, இணைந்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே அழியுங்கள்.

இணையப் பந்தயத்தில் எதிராளி வண்டி மறைந்து மறைந்து தோன்றுகிறது

எதிராளி எங்கே இருக்கிறார் என்ற செய்தி ஒழுங்காக வந்து சேரவில்லை. இடையில் விட்டுப்போன இடத்தை விளையாட்டு ஊகித்து வரைகிறது, ஊகம் தப்பினால் வண்டி தாவுகிறது. பதிவிறக்க வேகம் அதிகம் இருப்பது இதற்கு உதவாது. செய்தி சீரான இடைவெளியில் வருவதுதான் முக்கியம். முடிந்தால் கன்சோலைக் கம்பியில் இணையுங்கள். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் மாதிரி விளையாட்டுகளில் விளையாடுகிறவர்களின் கன்சோல்கள் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அதனால் ஒரே ஒருவருடைய வண்டி மட்டும் தாவினால் பிரச்சினை பெரும்பாலும் அவர் பக்கம். எல்லா வண்டிகளும் தாவினால் பிரச்சினை உங்கள் பக்கம். அறைக்குள் சேரவே முடியவில்லை என்றால் கன்சோலின் இணைப்புச் சோதனையில் என்ஏடி வகையை, அதாவது ரவுட்டர் உங்கள் கன்சோலை மற்றவர்களோடு எவ்வளவு தாராளமாகப் பேச விடுகிறது என்று காட்டும் எழுத்தை, பாருங்கள். ஸ்விட்சில் ஏ, பி நல்லது, டி வந்தால் ரவுட்டரில் வேலை இருக்கிறது.

விளையாட்டே மெதுவாக, அல்லது இரு மடங்கு வேகமாக ஓடுகிறது

பழைய விளையாட்டு என்றால் பதிப்பைப் பாருங்கள். ஐரோப்பிய டிவிக்கான 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள் பல, 60 ஹெர்ட்ஸுக்கு எழுதியதை அப்படியே 50இல் ஓட்டின. ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவு. கணினியில் எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. 2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ் 30 ஃபிரேமுக்குக் கட்டப்பட்டிருந்தது. அதை வெளியிலிருந்து 60க்கு ஏற்றியவர்களுக்கு உலகமே இரு மடங்கு வேகத்தில் ஓடியது. பூட்டிய ஃபிரேமைத் திறக்காமல் விடுவதே நல்லது.

ஆர்கேட் இயந்திரத்தில்

விளையாட வந்தவராக இருந்தால், நாணயம் போடும் முன் இருக்கையைச் சரிசெய்யுங்கள். பெடல் முழுவதும் இறங்கி எழும்புகிறதா, ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் ஊழியரிடம் சொல்லுங்கள், நீங்களே இழுத்துத் திருக வேண்டாம். வேகம் ஒரு அளவைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? 1986இன் அவுட்ரன் போன்ற இயந்திரங்களில் இரண்டே கியர். தாழ்ந்த கியரிலேயே விட்டிருப்பீர்கள், மேலே போடுங்கள்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவராக இருந்தால், நாணயக் கதவுக்குள் இருக்கும் டெஸ்ட் பொத்தானில் தொடங்குங்கள். உள்ளீட்டுச் சோதனைத் திரையில் ஸ்டீயரிங்கின் நிலை எண்ணாகத் தெரியும். மெல்லத் திருப்பும்போது எண் சீராக ஏற வேண்டும். சீராக ஏறி, நடு மட்டும் தள்ளி இருந்தால் கலிபரேஷன் போதும்: முழு இடது, முழு வலது, நடு, அப்புறம் பெடல்கள். எண் துள்ளினால் பொட்டென்ஷியோமீட்டர் (ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் பகுதி) தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். கலிபரேஷன் செய்த சில நாளில் நடு மறுபடி நகர்ந்தால், ஸ்டீயரிங் தண்டையும் பொட்டென்ஷியோமீட்டரையும் இணைக்கும் பல்சக்கரத்தின் திருகு தளர்ந்திருக்கும். அணைத்துப் போடும்போதெல்லாம் செட்டிங்ஸ் அழிந்தால் போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. பழைய சிஆர்டி திரையின், அதாவது பெட்டி டிவி மாதிரிக் கண்ணாடிக் குழாய்த் திரையின், பின்பக்கம் மட்டும் பயிற்சி இல்லாமல் கை வைக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

டேடோனா யுஎஸ்ஏ இயந்திரங்களை வரிசையாக இணைத்து 8 பேர்வரை ஓட்டலாம். திரை நெட்வொர்க் சோதனையிலேயே நின்றுவிட்டால், எல்லா இயந்திரங்களும் ஆனில் இருக்கின்றனவா பாருங்கள். ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீட்டுக்கு என்று ஒளியிழைக் கம்பி வட்டமாகச் சுற்றி வருகிறது, நடுவில் ஒன்று அணைந்திருந்தாலும் வட்டம் அறுந்துவிடும். எல்லாம் ஆனில் இருந்தும் நிற்கிறது என்றால் டெஸ்ட் பகுதிக்குள் போய் ஒன்று மட்டும் மாஸ்டர், மற்றவை எல்லாம் ஸ்லேவ் என்று இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் ஒளியிழை முனைகளைக் கழற்றித் தூசி துடைத்து, வெளியீடு உள்ளீடு மாறாமல் மறுபடி செருகுங்கள். அவசரமாகக் கடையைத் திறக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தனித்தனி ஓட்டத்துக்கு மாற்றிவிட்டு, இணைப்பை ஓய்வான நேரத்தில் தேடலாம்.